லயத்தில் பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல

(சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடந்தால் நம் தோட்டங்களில் முதலில் என்ன நடக்கிறது? தலைவர் வீட்டு வாசலில் நாலு பேர் கூடுகிறார்கள். செய்தவன் பெரும்பாலும் சொந்தக்காரன் அல்லது பக்கத்துக் காம்பராக்காரன். காலில் விழுவான். கொஞ்சம் பணம் கைமாறும். "வெளியில தெரிஞ்சா பிள்ளய யாரு கட்டுவா?" என்று சொல்லி மூடிவிடுவார்கள். மறுநாள் அவன் பிரட்டுக்கு வருவான். பிள்ளை அவன் வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் வரவேண்டும்.

சம்பளத்தைப் பேசித் தீர்க்கலாம். இதைத் தீர்க்கத் தலைவருக்கோ, துரைக்கோ, பெற்றவர்களுக்கோ கூட அதிகாரம் இல்லை. இது அரசாங்கம் நடத்தும் குற்ற வழக்கு. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமியைக் கெடுத்தவன் "அவளும் சம்மதித்தாள்" என்று தப்ப முடியாது. ஆண் பிள்ளைக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. 18 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் செய்தவனுக்கு 7 முதல் 20 வருடம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது.

யாரும் முறைப்பாடு செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர், டீச்சர், மருத்துவிச்சி, யாராக இருந்தாலும் சரி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவைக் கேளுங்கள்.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். ஒன்று, பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டாம், உடுப்பைத் துவைக்க வேண்டாம். சட்ட வைத்திய அதிகாரி சோதிக்க வேண்டும். இரண்டு, வாக்குமூலத்தைத் தமிழில் கொடுங்கள். அது நம் அரசியலமைப்பு உரிமை. புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். மூன்று, பிள்ளையிடம் ஆளாளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் காட்ட 1999ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதன் பிறகுதான் நீண்ட பாதை. நீதவான் நீதிமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம், பிறகு மேல் நீதிமன்றம். வருடக்கணக்கில் இழுபடும். எட்டு வயதில் நடந்ததை வயதுக்கு வந்த பிறகு கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொரு தவணைக்கும் தாய்க்கு ஒரு நாள் பெயர் போகும், பஸ் காசு போகும். எதிராளி இதைத்தான் எதிர்பார்க்கிறான். நம் சனம் பொய் சொல்லி வழக்கில் தோற்பதில்லை, களைத்துப்போய்க் கைவிடுகிறது.

சாட்சியை மிரட்டினால் அதுவும் தனிக் குற்றம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் அன்றே முறைப்பாடு போடுங்கள்.

ஆகவே சங்கத்திடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். இந்த மாதிரி விஷயத்தில் எந்தத் தோட்டத் தலைவரும் சமரசம் பேசக் கூடாது. பேசினால் பதவி இல்லை. தவணை நாளில் தாய்க்குப் பெயர் போடும்படி நிர்வாகத்திடம் சங்கம் பேச வேண்டும். பொலிசுக்கும் கோர்ட்டுக்கும் கூடவே போக ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பெண்களைத் தெரிவுசெய்ய வேண்டும்.

பிள்ளையின் பெயரை மட்டும் யாரும் வெளியில் சொல்லாதீர்கள். வெட்கப்பட வேண்டியது செய்தவன்தான்.