நோயினின்று மீளுதல்



பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சி மாநகருக்குக் கிழக்கே, பாலாற்றை அடுத்து அமைந்தது வாலாஜாபாத் என்னும் எங்கள் ஊர். எங்கள் வட்டாரத்தில் கோர்வைச் சேலை நெய்வதை உங்களிற் சிலர் பார்த்திருக்கலாம். சேலையின் உடல் ஒரு நிறம்; கரை வேறு நிறம். தறியில் மூன்று நாடாக்கள் ஓடும். உடலுக்கு ஒன்று, இருபுறக் கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெசவாளர் ஒருவரே மூன்றையும் ஓட்டிவிட முடியாது. பக்கத்தில் துணையாள் ஒருவர் அமர்ந்து கரை நாடாவை வீசுவார். ஒவ்வொரு நாடாவும் தன் எல்லை வரை சென்று, அடுத்த இழையோடு கோர்த்துக் கொண்டு திரும்பும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை. ஒன்று நின்றால் சேலையும் இல்லை.

நான் இன்று பேச வந்த பொருள் நெசவு அன்று. புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட ஒருவர் எவ்வாறு மீண்டெழுகிறார் என்பதே. அங்கும் மூன்று நாடாக்கள் ஓட வேண்டியிருக்கின்றன. மருத்துவம் ஒன்று, குடும்பம் ஒன்று, நம்பிக்கை ஒன்று. எது எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வதில்தான் பல உயிர்கள் இருக்கின்றன.

முதலில் மருத்துவத்தைப் பார்ப்போம். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் குரலைத் தாழ்த்திக் கொள்கின்றனர். இந்த அச்சத்திற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. மயக்க மருந்தின் துணையோடு வலியின்றி அறுவை செய்யலாம் என்பதை உலகம் நன்கு உணர்ந்ததே 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாளில்தான். அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஈதர் ஆவியை முகரச் செய்து, ஒருவர் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தனர். அதற்கு முன் கத்தி என்றாலே நோயாளியைக் கட்டிப் பிடிக்கப் பலர் வேண்டும்.

நம் நாட்டுக் கதையையும் கேளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் தேர்ச்சி பெற்றுப் பெண் டாக்டராக விளங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவருடைய தங்கை 1920-களின் தொடக்கத்தில் மலக்குடற் புற்றால் மாண்டார். மருத்துவம் கற்ற தமக்கை அருகிலிருந்தும் காக்க இயலவில்லை. அந்தத் துயரம் அம்மையாரின் நெஞ்சில் ஒரு தீர்மானமாக மாறிற்று. இந்நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் கேட்டபோது, எப்படியும் இறந்துவிடும் நோயாளிகளுக்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே அன்று மேலோங்கியிருந்தது. அவர் விடவில்லை. 1952 அக்டோபரில் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ஆம் நாள் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர். சாந்தா அம்மையார் 2021 ஜனவரியில் மறையும்வரை அந்நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார். ஒரு வீட்டில் விழுந்த இடி, பல்லாயிரம் வீடுகளுக்கு நிழலாயிற்று.

காஞ்சி ஈன்ற அறிஞர் அண்ணா, 1968 செப்டம்பரில் நியூயார்க் நகரில் உணவுக்குழாய்ப் புற்றுக்கு அறுவை செய்துகொண்டார். நாடு திரும்பிப் பணியிலும் அமர்ந்தார். எனினும் 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் அவரை இழந்தோம். இன்று காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை ஒன்று நடைபெறுகின்றது. அன்று முதலமைச்சர் கடல் கடந்து தேடிச் சென்ற அறுவை மருத்துவம், இன்று நெசவாளர் குடும்பத்திற்கும் எட்டும் தொலைவில் இருக்கின்றது.

அறுவை முறைகளும் வளர்ந்தன. மலக்குடற் புற்றையே எடுத்துக் கொள்வோம். 1908-இல் இலண்டன் மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் வகுத்த முறையில், நோயுற்ற பகுதியை முழுதும் நீக்கி, வயிற்றில் நிலையான ஒரு வாயில் அமைப்பர். 1982-இல் இங்கிலாந்து மருத்துவர் ஹீல்ட், மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையையும் சிதையாமல் சேர்த்து எடுத்தால் அந்த இடத்தில் நோய் மீண்டும் தலைகாட்டுவது பெரிதும் குறைகிறது என்று எடுத்துக்காட்டினார். இப்போது பலருக்குக் குடலை மீண்டும் இணைத்துவிட முடிகின்றது.

இவற்றை நான் நூலில் படித்து மட்டும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் பணியினின்று ஓய்வு பெற்றபின், அறுபத்து மூன்றாம் வயதில், எனக்கே அந்த நோய் வந்தது. மலத்தில் இரத்தம் கண்டது. என் மனைவியிடம் சொன்னேன். மறுநாட் காலையே அவள் என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். சோதனையில் புற்று என்று தெரிந்தது. ஐந்து வாரம் கதிர்வீச்சு, சில வாரம் இடைவெளி, பிறகு அறுவை. குடலை இணைத்த இடம் ஆறும் வரைக்கும், சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் வலப்புறம் வெளியே கொணர்ந்து, அதன்மேல் ஒரு பை பொருத்தினார்கள்.

அறுவை மருத்துவரின் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. அதன் பிறகுதான் குடும்பத்தின் வேலை தொடங்கியது. மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி தேங்கும். காலில் இரத்தம் உறையும். வலியோடு இருப்பவன் தானாக நடப்பானா? என் மகன் ஒரு கையில் குழாய்களையும் மறுகையில் என் தோளையும் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவு வரை, அடுத்த சன்னல் வரை என்று சிறிது சிறிதாக நடத்தினான். மூன்று பந்துகள் உள்ள ஒரு மூச்சுக் கருவியைத் தந்தார்கள். மூச்சை இழுத்தால் பந்து மேலே எழ வேண்டும். நாற்பது ஆண்டுகள் பிறருக்குத் தேர்வு வைத்த நான், இரண்டாம் பந்தை எழுப்பிய அன்று மகிழ்ந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது!

பையைக் கழற்றித் துடைத்து மாட்டும் முறையைச் செவிலியரிடம் மகன் கற்றுக் கொண்டான். சிறுகுடல் வழியே நீரும் உப்பும் மிகுதியாக வெளியேறும், உடல் வறண்டுவிடும். ஆகவே என் மருமகள் மணிக்கணக்கு வைத்துக் கஞ்சியும் உப்பிட்ட நீர்மோரும் கொடுத்தாள். பள்ளியிற் படிக்கும் பேர்த்தி, நான் குடித்த அளவை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தாள். எனக்கு யாரும் பெரிய ஆறுதல் மொழிகள் கூறவில்லை. நேரத்திற்குக் கஞ்சி வந்தது. அதைவிடப் பெரிய ஆறுதல் யாது?

குடும்பத்தின் துணை வெறும் உணர்ச்சிப் பேச்சு அன்று. அதற்குக் கணக்கும் உண்டு. 2013-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, 7,34,889 புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தது. மணவாழ்வில் உள்ளவர்கள் நோய் முற்றிப் பரவிய நிலையில் வருவது குறைவாக இருந்தது. உரிய சிகிச்சையைப் பெறுவது மிகுதியாக இருந்தது. புற்றுநோயால் இறப்பதும் குறைவாக இருந்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. "இது என்ன கட்டி? வா, காட்டுவோம்" என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். சிகிச்சை நாளன்று இரயிலுக்கு அழைத்துச் செல்ல ஒருவர் இருக்கிறார். தனித்து வாழ்பவருக்கு ஒரு நண்பரோ, அடுத்த வீட்டாரோ, பழைய மாணவரோ அந்த ஒருவராக இருத்தல் கூடும்.

இனி மூன்றாம் நாடாவாகிய நம்பிக்கைக்கு வருகிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. என் பொருட்டு எங்கள் தெருவார் கோயிலில் அருச்சனை செய்தனர். இசுலாமிய நண்பர் ஒருவர் தொழுகையில் வேண்டிக் கொண்டார். அந்த அன்பை மறவேன். ஆனால் உண்மையையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2006-இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர், இதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரை ஆராய்ந்தனர். தமக்காக வேண்டுதல் நடக்குமா நடக்காதா என்று அறியாத இரு பிரிவினரில், வேண்டுதல் நடந்தவர்களுள் நூற்றுக்கு 52 பேருக்கும், நடக்காதவர்களுள் நூற்றுக்கு 51 பேருக்கும் அறுவைக்குப் பின் சிக்கல்கள் தோன்றின. வேறுபாடு இல்லை. ஆகவே, வேண்டுதல் கத்தியின் வேலையைச் செய்யும் என்று எண்ணி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவது பெருந் தீங்கு. மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு மாதங்களைக் கழித்தால், கட்டி காத்திருக்காது.

அப்படியானால் நம்பிக்கை எதற்கு? திருவண்ணாமலையில் வாழ்ந்த இரமண மகரிஷியை நினைத்துப் பாருங்கள். அவர் இடக்கையில் புற்றுக்கட்டி தோன்றிற்று. நான்கு முறை அறுவை செய்தனர். மருத்துவர்கள் தங்கள் கடமையைச் செய்ய அவர் இடங்கொடுத்தார். காண வந்தவர்களுக்குக் காட்சி தருவதையும் விடவில்லை. 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் உடலை நீத்தார். நம்பிக்கை அவர் கட்டியைக் கரைக்கவில்லை. ஆனால் கட்டியால் அவர் அமைதியைக் கரைக்க முடியவில்லை. நம்பிக்கையின் எல்லை அதுதான். அதன் பெருமையும் அதுதான்.

வெட்டி எடுத்த பகுதியைச் சோதித்து, நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியதா என்று சொல்லும் அறிக்கை வரச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் மருத்துவரால் செய்யக் கூடியது ஒன்றும் இல்லை, குடும்பத்தாராலும் இல்லை. இரவில் விழித்திருந்து இறைவன் பெயரை உச்சரித்தேன். நல்ல செய்தியே வர வேண்டும் என்று கேட்டுத் தொடங்கினேன். எது வந்தாலும் தாங்கும் உள்ளம் வேண்டும் என்று கேட்டு முடித்தேன். பின்னதைப் பெற்ற பிறகே உறக்கம் வந்தது. கடவுளை ஏற்காத நண்பர்களுக்கும் இது பொருந்தும். தம் பணியிலோ, மக்களிடத்திலோ, அறிவின் ஆற்றலிலோ அவர்கள் கொண்ட பற்று அந்த இரவுகளில் அவர்களைத் தாங்கும்.

நம்பிக்கையிலேயே ஒரு முள்ளும் இருந்தது. வீடு திரும்பிச் சில வாரங்களில் நடக்கும் வலிமை வந்தது. கோயிலுக்குப் போக உள்ளம் விழைந்தது. ஆனால் வயிற்றில் அந்தப் பை இருக்கின்றதே! அதனோடு சந்நிதியில் நிற்பது தகுமா என்று ஐயுற்று, வாசலிலேயே தயங்கினேன். என் மனைவி சொன்னாள்: "நம் எல்லாருக்கும் உள்ளே இருப்பதுதானே! உங்களுக்குச் சில மாதம் வெளியே இருக்கிறது. அவ்வளவுதான். புறப்படுங்கள்." சமயநூல் எதுவும் கற்றவள் அல்லள் அவள். ஆயினும் அத்தனை தெளிவான சமய விளக்கத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. மேல்துண்டைப் போர்த்திக் கொண்டு சென்றேன். அருச்சகர் தீர்த்தம் தந்து, "உடம்பு எப்படி ஐயா?" என்று கேட்டார். ஊரார் வழிவிட்டு நின்றனர். மூன்று திங்கள் கழித்து இரண்டாம் அறுவையில் குடலை உள்ளே வைத்து மூடினார்கள். ஆனால் நான் மனிதர் நடுவே மீண்டது அந்த மாலையில்தான் என்று எண்ணுகிறேன்.

மாணவர்களே, இதில் உங்கள் பங்கு என்ன? புற்றுநோயாளியைத் தொடுவதாலும் அவரோடு உண்பதாலும் அந்நோய் ஒட்டுவதில்லை. ஆதலின் தனித் தட்டும் தனி டம்ளரும் வேண்டா. அருகில் அமருங்கள், செய்தித்தாள் படித்துக் காட்டுங்கள். ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் தீராத குரற்கம்மல், முறையற்ற உதிரப்போக்கு ஆகியவற்றை வீட்டில் பெரியவர்கள் நாணத்தால் மறைப்பதுண்டு. குறிப்பாகத் தாய்மார் மறைப்பர். நீங்கள் கேளுங்கள், மருத்துவரிடம் செல்லும்வரை விடாதீர்கள். செலவுக்கு அஞ்சுவோருக்கு, 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அதற்கான தாள்களை நிரப்பிக் கொடுங்கள். பதினெட்டு வயது நிரம்பியவர்கள், உடல்நலம் இடந்தருமாயின் குருதிக் கொடை அளியுங்கள். புகையிலையை எவ்வடிவிலும் அணுகாதீர்கள்.

இன்னும் ஒன்று. அறுவை முடிந்து வலி நீங்கியதும் நோய் போயிற்று என்று பலர் மருத்துவமனையை மறந்துவிடுகின்றனர். என் போன்றோர் குறைந்தது ஐந்தாண்டுகள், குறித்த நாளில் இரத்தச் சோதனைக்கும் குடற் சோதனைக்கும் செல்ல வேண்டும். உங்கள் வீட்டில் அத்தகையோர் இருந்தால், நாட்காட்டியில் அந்தத் தேதிகளை வட்டமிட்டு வையுங்கள். நாள் வந்ததும் நினைவூட்டி, உடன் செல்லுங்கள். மருத்துவர் தம் வேலையைச் செய்வார். இறைவன் தருவதைத் தருவான். உடன் செல்வது உங்கள் வேலை. அதனை வேறு எவரிடமும் விட்டுவிடாதீர்கள்.