செர்பூர் நகரத்துக் குடைகள்

பிரிந்த காதலர் பல்லாண்டுகளின் பின் மறுபடியும் சந்திப்பதைக் கதையாகக் கொண்ட திரைப்படங்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை இரண்டில் ஒரு முடிவையே நாடும். இருவரும் ஒன்று சேர்வர். இன்றேல் ஒருவர் மாள்வர். இவ்விரண்டையும் விலக்கி, ஒரு பெற்றோல் நிலையத்திலே சில நிமிடங்கள் பேசவிட்டு, அவரவரைத் தத்தம் வழியே அனுப்பிவிடுகிறது ஒரு பிரெஞ்சுப் படம். ஜாக் டெமி எழுதி நெறிப்படுத்திய 'செர்பூர் நகரத்துக் குடைகள்' என்பது அதன் பெயர். 1964 ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்துக்கே அவ்வாண்டுக் கான் விழாவின் முதற் பரிசு கிடைத்தது.

செர்பூர் பிரான்சின் வடகரையிலுள்ள ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே குடைக் கடை நடத்தும் ஒரு கைம்பெண்ணின் மகள் ஜெனவியேவ். மோட்டார் வண்டி திருத்தும் இளைஞன் கீ. இருவரும் காதலிக்கின்றனர். பெண் குழந்தை பிறந்தால் பிரான்சுவாஸ் என்று பெயரிடுவோம் எனவும் பேசி மகிழ்கின்றனர். அக்காலம் 1957 இன் பிற்பகுதி. அல்ஜீரிய மக்கள் விடுதலைக்காகப் போராடிய காலம். 1954 முதல் 1962 வரை நீண்ட அப்போருக்குப் பிரெஞ்சு அரசு தன் இளைஞரைக் கட்டாய சேவையில் அனுப்பியது. கீயும் அழைக்கப்படுகிறான். அவன் புகைவண்டி ஏறிய பின்னரே, தான் கருவுற்றிருப்பதை ஜெனவியேவ் அறிகிறாள்.

தமிழ் அகப்பாடல்களிலே முல்லைத் தலைவி, வினைமேற் சென்றவன் கார்காலத்தில் மீள்வான் என்று ஆற்றியிருப்பாள். கார்காலமும் வரும், அவன் தேரும் வரும். செர்பூரிலோ மழை ஓயாது பெய்கிறது, தேர் வரவில்லை. கடிதங்கள்கூட அரிதாகவே வருகின்றன. அவனை நினைக்கும்போது அவன் முகம் தோன்றுவதில்லை, கையிலிருக்கும் நிழற்படமே தோன்றுகிறது என்கிறாள் அப்பேதை. பிரிவின் கொடுமையை இதனினும் எளிதாகச் சொல்லல் அரிது. தாய்க்கோ பணமுடை. ரொலான்ட் என்னும் வைர வணிகன், வயிற்றிலுள்ள குழந்தையைத் தன் குழந்தையாகவே வளர்ப்பேன் என்று கூறி அவள் கையைக் கேட்கிறான். அவள் இசைகிறாள்.

இவ்விடத்தில் அவளைப் பழிப்பவர் பலர். அப்பழி பொருந்தாது. படத்திலே தீயவர் என்று ஒருவரும் இல்லை. தாய் கணக்குப் பார்க்கிறாள், ஆனால் மகளின் நலத்தையே பார்க்கிறாள். ரொலான்ட் நல்லவன், டெமியின் முந்திய படமான 'லோலா'வில், 1961 இல், தானும் காதலில் தோற்றவனாக வந்தவன் அவனே. இரண்டாண்டு காத்திருக்க இயலாத ஓர் இளம் பெண்ணைக் குறை கூறுவோர், இருபது வயது இளைஞனை இரண்டாண்டு பிடித்துவைத்த போரை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

படத்தின் உரையாடல் முழுவதும் பாட்டு என்பதையும் குறிப்பிடல் வேண்டும். ஆரம்ப காலத் தமிழ்ப் பேசும் படங்களிற் பாட்டுகள் ஐம்பதும் அதற்கு மேலும் இருந்ததுண்டு. ஆயினும் பாட்டு முடிந்ததும் பேச்சு வந்துவிடும். இங்கே காதலும் கடன் கணக்கும் பெற்றோல் விலையும் ஒரே இசையில் ஓடுகின்றன. இசையமைத்தவர் மிஷேல் லெகிரான். ஜெனவியேவாக நடித்த கதரீன் டெனேவ் முதலியோருக்குப் பிறரே குரல் கொடுத்தனர். முதற் சில நிமிடங்கள் சிரிப்பு வரலாம். பிறகு அது பேச்சாகவே கேட்கிறது.

காலில் காயத்துடன் கீ 1959 இல் திரும்புகிறான். குடைக் கடை கைமாறிப் போயிற்று. அவன் குடிக்கிறான், வேலையை இழக்கிறான், வளர்த்த அத்தையையும் இழக்கிறான். அத்தையை நோயிற் பேணிய மடலேன் என்னும் அமைதியான பெண்ணே அவனை மீட்டெடுத்து, மனைவியும் ஆகிறாள்.

1963 ஆம் ஆண்டு, நத்தார் காலத்து ஓர் இரவு. பனி கொட்டுகிறது. மனைவியும் சிறுமகனும் சற்று முன்னரே வெளியே சென்றிருக்க, கீயின் பெற்றோல் நிலையத்தில் விலையுயர்ந்த மோட்டார் வண்டியொன்று வந்து நிற்கிறது. உள்ளே ஜெனவியேவ், அருகில் ஒரு சிறுமி. குளிருக்கு ஒதுங்கி அவள் மட்டும் உள்ளே வருகிறாள். நத்தார் மரம் அழகாயிருக்கிறதே, நீர்தான் அலங்கரித்தீரோ என்கிறாள். இல்லை, மனைவி, மகனுக்காக என்கிறான். தாய் இறந்துவிட்டதைச் சொல்கிறாள். வண்டிக்கு எந்தப் பெற்றோல் வேண்டும் என்று ஊழியன் வந்து கேட்கிறான். காதல் மொழி ஒன்றுகூட இல்லை.

குழந்தையின் பெயர் என்ன என்று அவன் கேட்கிறான். பிரான்சுவாஸ் என்கிறாள். அவனுடைய மகன் பெயரோ பிரான்சுவா. உம்மைப் போலவே இருக்கிறாள், பார்க்கிறீரா என்கிறாள். அவன் தலையசைத்து மறுத்து, இனிப் புறப்படலாம் என்கிறான்.

இம்மறுப்பு கல்நெஞ்சமன்று. அந்தக் கண்ணாடிக்கு அப்பால் அவன் ஒருமுறை நோக்கியிருப்பின், மடலேன் கட்டிய வீடும், ரொலான்ட் கொடுத்த பெயரும் என்ன ஆவன? ஆயினும் வண்டிக்குள் இருக்கும் சிறுமிக்கு அவ்விரவு ஒரு தந்தையின் முகம் இல்லாமற் போகிறது. அவளை யாரும் கேட்கவில்லை. நலமாயிருக்கிறீரா என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு ஜெனவியேவ் போகிறாள். வண்டி மறைவதற்கும் மடலேன் மகனுடன் திரும்பி வருவதற்கும் இடையே சில கணங்களே. கீ வெளியே ஓடிவந்து, மனைவியை முத்தமிட்டு, மகனோடு பனியில் விளையாடுகிறான்.