தனக்கு மிஞ்சித்தான் தருமமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் நின்று பேசிய இம்மேடையிலே, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ஓர் இரயில்வே குமாஸ்தாவை நிறுத்தியிருக்கிறீர்கள். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. சரக்கு எங்கிருந்து வந்தது, எங்கே தேங்கியது, யாரிடம் சென்று சேர்ந்தது என்று பதிவேட்டில் எழுதுவதே என் தொழில். ஆகவே அத்தொழிலுக்கு ஏற்ற பொருள் ஒன்றையே தேர்ந்துகொண்டேன். பிறர்க்கு உதவுவதற்கென்றே ஏற்பட்ட ஒரு நிறுவனத்தின் வீடே இடிந்து வீழ்ந்தால் அந்நிறுவனம் என் செய்யும், என் செய்ய வேண்டும் என்பதே இன்று யான் பேச விழையும் செய்தி.

இக்கேள்வி என் உள்ளத்தில் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2001-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள் காலை 8.46 மணிக்கு நம் கச்சு மண் குலுங்கியதை இங்குள்ள பெரியோர் பலர் கண்ணாரக் கண்டவர்கள். 13,000-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நாள் அது. அப்பொழுது எனக்கு வயது இருபது. எங்கள் குவார்ட்டர்ஸின் சுவர்கள் பிளந்தன. வேப்பமரத்தடியில் இரு கட்டில்களைப் போட்டுக் குடியிருந்தோம். நிவாரணச் சரக்கு வரத் தொடங்கியதும் என் தந்தையார் கூட்ஸ் ஷெட்டுக்குப் புறப்பட்டார். “தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். நம் தலைக்கே கூரை இல்லை. நீங்கள் ஊருக்குச் சுமக்கப் போகிறீர்களே!” என்று அம்மா அழுதார்கள். “சாயங்காலம் வந்துவிடுகிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார். அம்மா சொன்னது சரியா, அப்பா செய்தது சரியா என்று என்னால் நெடுநாள் முடிவு கட்ட இயலவில்லை.

ஒன்பதாண்டுகள் கழித்து, கடல் பல கடந்த ஹெயிட்டி நாட்டிலே நிகழ்ந்ததைப் படித்தபோதுதான் எனக்கு ஓரளவு தெளிவு பிறந்தது.

ஹெயிட்டி என்பது கரீபியக் கடலிலுள்ள ஒரு நாடு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொணரப்பட்ட மக்கள், தம்மை அடக்கிய பிரெஞ்சுப் படையை வென்று 1804-இல் தாமே குடியரசு கண்ட பெருமையுடைய நாடு. பெருமை இருந்ததே ஒழியப் பொருள் இல்லை. அந்நாட்டு ஏழைகளுக்கு மருத்துவம் செய்வதற்காக, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்னும் அறநிறுவனம் 1991 முதல் அங்கே தங்கிப் பணியாற்றி வந்தது. பிரெஞ்சு மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து 1971-இல் பாரிஸ் நகரில் தோற்றுவித்த அமைப்பு அது. 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. தலைநகராகிய போர்ட்-ஓ-பிரின்ஸில் அவ்வமைப்பு விபத்துச் சிகிச்சைக்கு ஒரு மருத்துவமனை, பிரசவத்திற்கு ஒன்று, எலும்பு முறிந்தோர் மீண்டும் நடை பழக ஒன்று, அவசரச் சிகிச்சைக்கு ஒன்று எனப் பல நிலையங்களை நடத்தி வந்தது. ஊழியர் சுமார் 800 பேர். அவருட் பெரும்பாலோர் ஹெயிட்டி மக்களே.

2010-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் மாலை 4.53 மணிக்கு அந்நகருக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், நிலத்தின் மேற்பரப்பிலிருந்து அதிக ஆழமில்லாத இடத்தில், 7.0 அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தது. குடியரசுத் தலைவர் மாளிகை சரிந்தது, தேவாலயம் சரிந்தது, ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகம் சரிந்து அச்சபையின் ஊழியர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோர் இரண்டு இலட்சத்துக்கும் மேல் என்பது அரசாங்கக் கணக்கு. வேறு ஆய்வாளர் சிலர் அதனினும் குறைவாகக் கணக்கிட்டுள்ளனர். வீடிழந்தோர் பதினைந்து இலட்சம் பேர்.

நான் சொல்லிய அறநிறுவனத்தின் நிலை யாது? ‘லா திரினித்தே’ என்ற அதன் விபத்துச் சிகிச்சை மருத்துவமனை, நோயாளரும் ஊழியரும் உள்ளே இருக்க இடிந்து வீழ்ந்தது. பிரசவ மருத்துவமனையும் பெருஞ்சேதமுற்றது. நின்ற கட்டடங்களும் நம்பி நுழையத் தக்கனவாக இல்லை. ஊழியர் பலர் மடிந்தனர். பிழைத்தவர்களோ தம் மக்கள் உயிரோடு இருக்கின்றனரா என்றறியாது தவித்தனர்.

அன்பர்களே! அவ்வேளையிலே அடிபட்ட மக்கள் எங்கே சென்றனர் என்று நினைக்கிறீர்கள்? இடிந்த அந்த மருத்துவமனையின் வாயிலுக்கே வந்தனர்! நிறுவனத்தின் அலுவலக முற்றங்களுக்கும் வந்தனர். ஆபத்துக்காலத்தில் மனிதன் கட்டடத்தைத் தேடிப் போவதில்லை. தனக்கு முன்பு உதவிய ஆட்களைத் தேடித்தான் போகிறான். அவர்களும் “எங்கள் வீடே விழுந்துவிட்டது, போய் வாருங்கள்” என்று சொல்லவில்லை. முற்றத்திலே துணிகளையும் கூடாரங்களையும் கட்டி அன்றிரவே காயங்களுக்குக் கட்டுப் போட்டனர். சரக்குப் பெட்டகம் ஒன்றை அறுவைக் கூடமாக்கினர். நகரின் பிற பகுதிகளில் கூரை நின்றிருந்த மருத்துவமனைகளில் இடம் தேடி அங்கும் அறுவை செய்யலாயினர்.

இனி, என் தொழிலுக்கு வருகிறேன். மருத்துவர் இருந்தனர், மருந்து வெளிநாட்டில் ஆயத்தமாக இருந்தது. ஆனால் வழி? துறைமுகம் சிதைந்துவிட்டது. விமான நிலையத்திற்கு ஓடுபாதை ஒன்றே. ஒற்றைப் பாதைப் பிரிவிலே நூறு வண்டிகளை ஒரே நாளில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை இங்குள்ள இரயில்வே நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த வண்டியை முன்னே விடுவது, எதை லூப்பில் நிறுத்துவது என்பதே அங்கு உயிர்ப் பிரச்சினையாயிற்று. அமெரிக்கப் படையினர் விமானப் போக்குவரத்தை நடத்தினர். இம்மருத்துவர்களின் சரக்கு விமானங்கள் சில இறங்க இடமின்றி அண்டை நாடாகிய டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பப்பட்டன. அவற்றுள் ஒன்றிலே வந்தது, காற்றடைத்து எழுப்பும் கூடாரங்களாலாகிய ஒரு முழு மருத்துவமனை. அது லாரிகளிலே ஏறித் தரை வழியாக வந்து சேர்ந்தது. இதற்கிடையில் ஒரு மருத்துவமனையில், காலையோ கையையோ அகற்றினாலன்றி உயிர் பிழையாது என்ற நிலையிலுள்ளோருக்கு அறுவை செய்யக் கருவியின்றி, கடைத்தெருவிலே இரம்பம் வாங்கிப் பயன்படுத்த நேர்ந்தது என்பதைப் படித்தபோது, சரக்குப் பதிவேட்டில் ‘தாமதம்’ என்று நாம் எழுதும் ஒரு சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

வந்த சரக்கிலே இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இடிபாட்டில் நெடுநேரம் நசுங்கிக் கிடந்தவனை வெளியே எடுத்தவுடன், பிழைத்தான் என்று மகிழ்கிறோம். ஆனால் நசுங்கிய தசையிலிருந்து நஞ்சு போன்ற பொருள்கள் இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். சில நாட்களில் அவன் மாளக்கூடும். 1988-இல் ஆர்மீனிய நிலநடுக்கத்தில் இதனைக் கண்ட சிறுநீரக மருத்துவர்கள், இத்தகைய பேரிடர்களுக்கென்றே ஒரு குழு அமைத்தனர். அக்குழுவின் துணையோடு இரத்தத்தைச் சுத்திகரிக்கும் எந்திரங்கள் ஹெயிட்டிக்குச் சென்றன. முன் நிகழ்ந்த துன்பத்தை மறவாது எழுதி வைத்தவர்களால்தான் பின் நிகழ்ந்த துன்பத்தில் உயிர்கள் பிழைத்தன.

காற்றடைத்த மருத்துவமனை ஒரு பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் எழுந்தது. வாரக்கணக்கில் பின்னதிர்வுகள் வந்துகொண்டிருந்தமையால் மக்கள் கூரையைக் கண்டே அஞ்சினர். துணிக்கூரையின்கீழ்ப் படுப்பதே அவர்களுக்கு ஆறுதலாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் முடிவதற்குள் அந்நிறுவனம் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு மருத்துவம் செய்தது. 16,000-க்கு மேற்பட்ட அறுவைகள் செய்தது. 15,000 குழந்தைகள் அவர்கள் கையிலே பிறந்தன. அத்துடனும் துன்பம் விடவில்லை. அதே அக்டோபரில் வாந்திபேதி பரவியது. உதவிக்கு வந்த அமைதிப்படையின் முகாமிலிருந்தே அந்நோய் ஆற்று நீரிற் கலந்தது என்று ஆய்வுகள் கூறின. அதில் தனக்கும் பங்குண்டு என்பதை ஐக்கிய நாடுகள் சபை 2016-இல் ஒப்புக்கொண்டது. உதவச் செல்வோன் தன் கையைத் தூய்மையாக வைத்துக்கொள்ளாவிடில் உதவியே உபத்திரவமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

பின்னர் 2012-இல் அந்நிறுவனம் அந்நகரில் புதியதொரு விபத்துச் சிகிச்சை மருத்துவமனையைத் திறந்தது. அதனைக் கட்டியது எதனால்? நாம் நாள்தோறும் இங்கே இரயிலில் ஏற்றி இறக்கும் சரக்குப் பெட்டகங்களால்! அதற்கு இட்ட பெயர் ‘நாப் கென்பே’. ‘நாங்கள் தாங்கி நிற்கிறோம்’ என்பது அந்நாட்டு மொழியில் அதன் பொருள்.

பெருமக்களே! இனி, என் பெற்றோரிடையே எழுந்த வழக்குக்கு வருவோம். தனக்கு மிஞ்சித்தான் தருமமா? ஹெயிட்டி ஊழியர்க்கு என்ன மிஞ்சியிருந்தது? வீடு மிஞ்சவில்லை, பொருள் மிஞ்சவில்லை. இரண்டு கைகளும், கற்ற தொழிலும் மிஞ்சின. அவற்றைக் கொடுத்தனர். என் தந்தையாரும் அதனையே செய்தார்.

ஆயினும் அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதை இன்று உணர்கிறேன். உதவுவோனும் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், அவன் பிள்ளைகளை யாரேனும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்நிறுவனம் உலகெங்கிலுமிருந்து மருத்துவர்களையும் ஊழியர்களையும் வரவழைத்திராவிட்டால், சோர்ந்த உள்ளூர்க் கைகளால் எத்தனை நாள் தாங்கியிருக்க இயலும்? எங்கள் வேப்பமரத்தடியிலே, அப்பா இல்லாத பகற்பொழுதுகளில் எங்களுக்கு ரொட்டி சுட்டுத் தந்தவர் பக்கத்து வீட்டுச் சிந்தி அம்மையார். நாட்டுப் பிரிவினையின்போது அனைத்தையும் இழந்து இவ்வூருக்கு வந்த குடும்பம் அது. இந்நிலநடுக்கத்தில் மீண்டும் வீடிழந்த குடும்பம். மொழி அறியாத அவர் எங்களைத் தாங்கியதனால் அப்பா ஊரைத் தாங்கினார்.

இதைச் சொல்வதன் நோக்கம் ஒன்றுண்டு. நம் சங்கக் கட்டடத்தின் மேல் ஒரு மாடி எழுப்ப வேண்டும் என்ற தீர்மானம் செயற்குழுவின் முன் உள்ளது. மாடி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் இரு செய்திகளை நினைவூட்டுகிறேன். ஹெயிட்டி நிலம் குலுங்கி ஆறு வாரங்களில், பிப்ரவரி 27-ஆம் நாள், சிலி நாட்டில் 8.8 அளவுடைய, பன்மடங்கு வலிய நிலநடுக்கம் நிகழ்ந்தது. அங்கே இறந்தோர் ஏறத்தாழ ஐந்நூறு பேர். இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல. எனினும் சிலியில் கட்டட விதிகள் ஏட்டோடு நில்லாமல் கடைப்பிடிக்கப்பட்டமை அவற்றுள் தலையாயது. இரண்டாவது, நம் பூஜ் நகரத்து மருத்துவமனை 2001-இல் உள்ளிருந்தோர்மீதே இடிந்து வீழ்ந்தது. பின்னர் எழுப்பப்பெற்ற புதிய மருத்துவமனையோ அடித்தளத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகளின்மீது நிறுத்தப்பெற்றது. பட்ட பின்னராவது அறிந்தோம்.

ஆதலால், மாடிக்கு ஒரு செங்கல் வாங்குமுன் இக்கட்டடத்தின் தூண்களைத் தகுதியுள்ள பொறியாளர் ஒருவர் சோதிக்கட்டும். மருந்துப் பெட்டியும், உறுப்பினர் பெயர், முகவரி, இரத்தப் பிரிவு அடங்கிய பட்டியலும் இங்கு ஒன்று, வேறோரிடத்தில் ஒன்று என இரண்டாக இருக்கட்டும். நிவாரண நிதியின் வரவுசெலவு ஆண்டுதோறும் இம்மலரிலே அச்சாகட்டும். 2004 டிசம்பரில் நம் தமிழகக் கரையையும் தாக்கிய கடற்கோளின்போது, இதே மருத்துவ நிறுவனம் சில நாட்களிலேயே “இதற்கு வேண்டிய பணம் வந்துவிட்டது, இனி வருவதை வேறு துயரங்களுக்குச் செலவிட இசைவு தாருங்கள்” என்று நன்கொடையாளரிடம் வெளிப்படையாகக் கேட்டது. வேண்டாத பணத்தை வேண்டாம் என்று சொல்லும் நாணயம் உடையவனிடந்தான் வேண்டும்பொழுது மக்கள் அள்ளித் தருவர்.

நிலம் குலுங்கும் நாளை நாம் தடுக்க இயலாது. அந்நாளில் அண்டை அயலார், குஜராத்தியரோ, சிந்தியரோ, யாராயினும், அடிபட்டு நம் வாயிலுக்கு வந்தால், வாயில் நின்றிருக்க வேண்டும். வாயிலில் நாமும் நின்றிருக்க வேண்டும்.

என் தந்தையார் இன்று இல்லை. அம்மா இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.