வாசலில் கேட்காத மொழி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நமது சங்கம் கடந்து வந்த பாதையைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். நான் இனிப் போகப்போகிற பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். குறிப்பாக, உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ படித்துப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளைப் பற்றி.

நம் பிள்ளை 13 வருடங்கள் தமிழில் படிக்கிறாள். திணிவு, உந்தம், ஆர்முடுகல், ஒட்சியேற்றம், தொகையீடு எல்லாம் அவளுக்குத் தமிழில்தான் தெரியும். உயர்தரப் பரீட்சையையும் தமிழிலேயே எழுதுகிறாள். நுவரெலியா மாவட்டத்திலிருந்து தெரிவாகிப் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போனால் முதல் விரிவுரையே ஆங்கிலத்தில் நடக்கிறது. 1960களில் கலைப்பீடங்களுக்குச் சுயமொழிக் கல்வி வந்தது. விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் ஆகியவை ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டன. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தாலும், அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேர்வதில்லை. வாசலில் யாரும் ஆங்கிலம் கேட்பதில்லை. உள்ளே போன பிறகு எல்லோரும் கேட்கிறார்கள்.

நமது அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. லயத்தில் வளர்ந்து தோட்டப் பாடசாலையில் அகரம் எழுதிய பிள்ளைக்கு அது அந்நிய மொழிதான். விடுதியிலும் பஸ்ஸிலும் சிங்களமும் வேண்டியிருக்கிறது. கணக்கைச் செய்யத் தெரிந்தும், கேள்வி என்ன கேட்கிறது என்று விளங்காமல் பேனாவை வைத்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் அதைச் சொல்வதில்லை. கொழுந்து பறித்துப் படிக்கவைத்த தாயிடம் எப்படிச் சொல்வது?

தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார். அந்த முயற்சி தொடர்ந்திருக்கலாம். ஆனால் அடுத்த வருடம் பேராதனை போகிற பிள்ளைக்கு அந்த ஆதங்கம் கைகொடுக்காது.

வேற்று மொழி ஒன்றைக் கற்றுத்தான் விஞ்ஞானம் படிப்பது என்பது நமக்கு மட்டும் வந்த சோதனையும் அல்ல. இரசாயனவியல் படித்தவர்கள் உலகெங்கும் நீண்டகாலம் ஜெர்மன் கற்க வேண்டியிருந்தது. பைல்ஸ்டைன் என்ற பெரிய இரசாயனக் கையேடு 1980கள் வரை ஜெர்மன் மொழியிலேயே வந்தது. கல்கத்தாவில் மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போசும் ஜெர்மன் கற்று, ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டுக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். 1920இல் அது நூலாக வந்தது. அவர்கள் அந்த மொழியை எதற்காகக் கற்றார்கள் என்பதைக் கவனியுங்கள். விஞ்ஞானத்தை வாசிப்பதற்காகக் கற்றார்கள்.

நம் பெற்றோர் கடன்பட்டாவது பிள்ளையை ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் ஆய்வுகூட அறிக்கை எழுத அது போதாது. 'நோர்மல்' என்றால் பேச்சில் சாதாரணம், கணிதத்தில் செவ்வன். 'சொலூஷன்' கணிதத்தில் தீர்வு, இரசாயனவியலில் கரைசல். 'பவர்' ஓரிடத்தில் அடுக்கு, இன்னோரிடத்தில் வலு. வினாத்தாளில் 'ஸ்டேட்' என்றால் கூறினால் போதும். 'டிறைவ்' என்றால் படிப்படியாகப் பெற்றுக் காட்ட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை நம் பிள்ளைக்குத் தமிழில் ஏற்கெனவே தெரிந்த விடயங்கள். அவளுக்கு வேண்டியது புதிய அறிவல்ல, தெரிந்ததற்கு இன்னொரு பெயர்.

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பல மாதங்கள் சும்மா கழிகின்றன. அந்த மாதங்களைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன். கொழும்பிலோ லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் ஓர் அக்கா, வாரத்தில் ஒரு மணித்தியாலம், ஒரு தங்கையோடு தொலைபேசியில் உட்கார்ந்தால் போதும். அவள் படித்து முடித்த பாடத்தையே ஆங்கிலப் புத்தகத்தில் இரண்டு பக்கம் சேர்ந்து வாசியுங்கள். சொற்களைத் தமிழோடு ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அவள் செய்த பரிசோதனை ஒன்றை ஆங்கிலத்தில் பத்து வரியில் எழுதவைத்துத் திருத்திக் கொடுங்கள். விஞ்ஞானம் படிக்காத அக்காமாரும் இதைச் செய்யலாம். பாடத்தை அவள் உங்களுக்குச் சொல்லித் தருவாள், மொழியை நீங்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பீர்கள்.

நினைவுப் பரிசுகளும் கட்டட நிதியும் வேண்டியவைதான். அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே வரவேற்பு மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் பெயரையும், உங்களுக்கு வசதியான கிழமையையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். இம்முறை பரீட்சை எழுதிய பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.