ராம்ப்பில் ஏற எந்த கியர்?
(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் பேரேடு பார்த்து ஓய்வு பெற்றவன். கியரைப் பற்றி நான் பேச வந்ததற்குக் காரணம் உண்டு.

போன மாதம் கீழ்த்தளத்திலிருந்து இரண்டாவது கியரிலேயே மெதுவாக ராம்ப்பில் ஏறினேன். பாதியில் இன்ஜின் அணைந்து, கார் பின்னால் உருண்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால், ஒரு முழம் தள்ளி சைக்கிளோடு ஒரு பையன் நிற்கிறான்! தப்பு முழுக்க என்னுடையது. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கியர் என்பது சில்லறை மாற்றுவது போலத்தான். 500 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் 50 பத்து ரூபாய் நோட்டு கிடைக்கும், மதிப்பு மாறாது. இன்ஜினின் சக்தியும் அப்படியே. முதல் கியரில் சக்கரத்தின் வேகம் குறையும், முறுக்குவிசை கூடும். உராய்வில் கொஞ்சம் கமிஷன் போகும். அதை இப்போது விட்டுவிடுவோம்.

ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். இன்ஜினின் முறுக்குவிசை 100 நியூட்டன் மீட்டர். முதல் கியர் விகிதம் 3.5, கடைசிப் பல்சக்கர விகிதம் 4. பெருக்கினால் 14. ஆக, சக்கரத்துக்கு 1,400 வருகிறது. சக்கரத்தின் ஆரம் 28 செ.மீ. என்றால், காரைத் தள்ளும் விசை சுமார் 510 கிலோ எடைக்குச் சமம். இரண்டாவது கியர் விகிதம் 1.9 என்றால், அது 275 கிலோ அளவுதான்.

இதெல்லாம் வரவு. செலவு என்ன? ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார், எட்டடிக்கு ஓரடி உயரும் ராம்ப்பில் 150 கிலோ விசையோடு பின்னால் இழுக்கும். எந்த கியரானாலும் இந்தச் செலவு மாறாது. முதல் கியரில் நிகரம் 360, இரண்டாவதில் 125. வரவு பாதிதான் குறைந்தது. கையில் நிற்பதோ மூன்றில் ஒரு பங்குதான். கார் வேகம் எடுப்பது இந்த நிகரத்தை வைத்துத்தான்.

அதுவும் இன்ஜின் நல்ல சுற்றில் ஓடினால்தான் இந்த வரவு. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் இரண்டாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றுகூடச் சுற்றாது. சும்மா நிற்கும்போதே 700, 800 வேண்டும். பிறகு அணையாமல் என்ன செய்யும்?

எனவே மூன்று வேண்டுகோள்கள். ராம்ப் அடியிலேயே முதல் கியருக்கு மாற்றிவிட்டு ஏறுங்கள். முன்னே போகும் கார் மேலே ஏறி முடிக்கும்வரை கீழேயே காத்திருங்கள். இறங்கும்போதும் முதல் கியரில் வாருங்கள். இன்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள், ராம்ப் விளையாடும் இடமில்லை என்று. அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வேறு யாருக்கும் அந்த நிலை வரக்கூடாது.