செவிநரம்பும் ஒற்றைத் தலையிடியும்

மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளம் போன்ற ஊர்களில், தலையிடியால் இருட்டறையில் முடங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று பழிப்பாரும் உளர். கண்ணுக்குப் புலப்படாத நோய்க்குச் சான்று யாது?

காதில் சிற்றொலி எழுப்பினால், செக்கனின் நூறிலொரு பங்குக்குள் செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் நுண்ணிய மின்னலைகள் எழும். தலையில் ஒட்டும் மின்வாய்கள் அவற்றைப் பதிகின்றன. ஜூவெற், வில்லிஸ்ரன் என்போர் 1971இல் இவ்வலைகளைத் தெளிவாக விவரித்தனர். அவற்றின்பின் மூளைப்புறணி தரும் மறுமொழி, ஒரே ஒலி தொடர்ந்தால் பழகித் தணிவது இயல்பு. ஒற்றைத் தலையிடியுடையோர் பலரிடம், நோவில்லா நாளிலும் அது தணிவதில்லை எனச் சில ஆய்வுகள் கண்டன. வேறு சில அவ்வாறு காணவில்லை. ஆதலின் இச்சோதனை மட்டும் நோயைத் துணியப் போதாது.

நோயாளி கூறும் வரலாறே இன்றும் முதற்சான்று. குறைந்தது 5 தடவை, மருந்தின்றேல் 4 முதல் 72 மணிநேரம் நீடித்ததா? ஒருபுறம் துடித்ததா? வேலை செய்யக் கூடிற்றா? ஓங்காளம் வந்ததா? ஒளியும் ஒலியும் வருத்தினவா? இவற்றை நாள்தோறும் குறித்து வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். திடீரெனத் தாங்கொணா இடி தோன்றினாலோ, கைகால் சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

கருவி எட்டாத ஊருக்கும் குறிப்பேடு எட்டும். பழிசொல்வார்க்கு அதுவே விடை.