எங்கள் ஊருணியும் என் கடன் தவணையும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். குழுவில் நோட்டு எழுதுவேன். மைக் பிடித்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. தண்ணீரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மரம் நடுங்கள், மழைநீரைச் சேமியுங்கள் என்று நானும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ராத்திரி படித்துப் பார்த்தால் எனக்கே தூக்கம் வந்துவிட்டது. அதனால எங்க வீட்டுல நடந்ததையே சொல்றேன். கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. எங்க குழு அக்காமாருக்கு இது தெரிஞ்ச கதைதான்.

எங்க ஊர் ராமநாதபுரம் மாவட்டம், பரமக்குடிப் பக்கம். வானம் பார்த்த பூமி. கண்மாய்ல தண்ணி நின்னா நெல்லு, இல்லாட்டி மிளகாய், பருத்தி. குடிக்கிறதுக்கு ஊருணியும், ஊருணிக் கரையில ஒரு கிணறும். எங்க பக்கத்து மண்ணுல ஆழமாப் போனா உப்புத்தான். மழை பெய்து ஊருணியில் நிற்கிற தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே, பாலில் ஆடை படிந்த மாதிரி நிற்கும். அந்த ஆடைதான் எங்க நல்ல தண்ணி. மேலே மேலே இறைச்சா ஒண்ணுமில்ல. வேகமா உறிஞ்சுனா ஆடை கிழிஞ்சு உப்பு ஏறிரும். இன்னைக்கு இதை விவரமாச் சொல்றேன், 2016ல எனக்கு இது தெரியாது. என் மாமியாருக்குத் தெரியும். "ஊருணிக்கிட்டப் போரைப் போடாதீக"ன்னு ஒரு தடவை சொன்னாக. பெரியவுக பேச்சை யாரு கேட்டோம்?

2016 ஆடியில் குழு மூலம் வங்கிக் கடன் வந்தது. என் பங்கு 60,000 ரூபாய். 30 தவணை, மாசம் அசல் 2,000, வட்டி தனி. ஊருணிக்குத் தெற்கே எங்களுக்கு அரை ஏக்கர் இருக்கு. அதில் 60 அடியில் போர் போட்டு, பழைய ஆயில் இன்ஜின் ஒன்று வாங்கி வைத்தோம். தண்ணி இளநி மாதிரி வந்துச்சு. அன்னைக்குச் சர்க்கரைப் பொங்கல் வச்சுத் தெருவுக்கே குடுத்தேன். மிளகாய் போட்டோம்.

அந்த வருசம் ஐப்பசியும் பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. உங்க எல்லாருக்கும் அந்த வருசம் ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முழுக்க வடகிழக்குப் பருவமழை வழக்கமாகப் பெய்ய வேண்டியதில் 62 சதவீதம் குறைந்துபோனது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்த மாவட்டமாக அரசாங்கம் அறிவித்தது. எங்க கண்மாய்க்குள்ள ஆடு மேய்ஞ்சது. குழாய்த் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா, அதுவும் அரை மணி நேரம். ஊருணி தரை தெரிஞ்சு வெடிச்சுப் போச்சு. கிணத்துல மட்டும் ஊறும். ராத்திரி ரெண்டு மணிக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் சேலையை விரித்துப் படுத்திருப்பார்கள். நான் அந்த வரிசைக்குப் போகவில்லை. எங்களுக்குத்தான் போர் இருந்ததே.

தைக் கடைசியில் ஒரு டிராக்டர் டேங்கர்க்காரர் வந்தார். ஒரு நடை 5,000 லிட்டர், 250 ரூபாய் தருகிறேன் என்றார். மிளகாய்க்குத் தண்ணி கட்ட டீசல் போடணும், மாசம் பிறந்தா தவணை கட்டணும். என் வீட்டுக்காரர் சரின்னு சொன்னார். நானும்தான் சரின்னு சொன்னேன். அதை மறைக்கக் கூடாது. தினம் ரெண்டு நடை போனது. நாங்க 250க்குக் குடுத்த தண்ணியை அந்த ஆளு அடுத்தடுத்த ஊர்ல குடம் அஞ்சு ரூபாய்க்கு வித்தார். கணக்குப் பார்த்தா ஒரு நடைக்கு 1,600க்கு மேல வருது. அது வேற வயித்தெரிச்சல். அந்த ரெண்டு மாசம் குழுவில் முதல் ஆளாகத் தவணை கட்டியது நான்தான். "இவளைப் பாருங்க, வறட்சியிலும் தவறாமக் கட்டுறா" என்று பாராட்டினார்கள்.

பங்குனி மாசக் கூட்டத்துக்கு எங்க குழுவில் மூத்த அக்கா ஒரு குடத்தோடு வந்தார். குழுக் கூட்டத்துக்கு யாராவது குடத்தோட வருவாங்களா? சந்தா வாங்கி, நோட்டு எழுதி முடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தார். "ஏத்தா, குடிச்சுப் பாரு." குடிச்சேன். கரிச்சது. "கிணத்துத் தண்ணி. பத்து நாளா இப்படித்தான். நீ தவணை கட்டுறது எங்க தண்ணியிலதாத்தா"ன்னு சொன்னாக. சத்தம் போடல, திட்டல. திட்டியிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு பேசியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, பிள்ளை நோட்டில் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். ஒரு குடம் 15 லிட்டர். ரெண்டு நடை 10,000 லிட்டர், அப்படின்னா 660 குடத்துக்கு மேல. எங்க ஊர்ல 110 வீடு. வீட்டுக்கு ஆறு குடம்னு வச்சா, ஊருக்கே ஒரு நாளைக்கு உள்ள தண்ணி அது. அப்புறம் மிளகாய். அரை ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கக் கட்டினால் 50,000 லிட்டருக்கு மேலே ஆகிறது. ஒரு தடவை தண்ணி கட்டுறது ஊருக்கு அஞ்சு நாள் தண்ணி. கடன் கணக்கைத் தப்பில்லாம எழுதுற நான் இந்தக் கணக்கை எழுதவே இல்ல.

அன்னைக்கு ராத்திரி வீட்டில் நடந்ததை இங்கே முழுசாச் சொல்ல முடியாது. "போர் நம்ம காசுல போட்டது, நம்ம நிலம், எவன் கேக்குறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இன்னும் 44,000 அசல் பாக்கி. டேங்கரை நிறுத்தினால் டீசலுக்குக் காசில்லை, டீசல் இல்லாவிட்டால் பழம் பிடிக்கிற நேரத்தில் மிளகாய் போய்விடும். என் மாமியார்தான் படுத்த இடத்தில் இருந்தே, "நான் வந்து குடிச்ச கிணறுடா அது"ன்னு சொன்னாக. அதுக்கு மேல அவர் பேசல. என்கிட்டப் பதினோரு நாள் பேசல.

அவசரக் கூட்டம் போட்டோம். டேங்கரை நிறுத்துறேன், ஆனா தவணைக்கு வழியில்லன்னு சொல்லிட்டேன். ஒரு தங்கச்சி எழுந்து, "அவங்க வித்துத் தின்னதுக்கு நாங்க ஏன் சுமக்கணும்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. எனக்கு வாயைத் திறக்க முடியல. ரெண்டு மணி நேரம் பேசி ஒரு தீர்மானம் எழுதினார்கள். ஆறு மாசத்துக்கு என் அசல் 12,000 ரூபாயைக் குழுச் சேமிப்பில் இருந்து வங்கிக்குக் கட்டுவது, வட்டியை மட்டும் நான் கட்டுவது, பிறகு அந்தப் பணத்தைக் குழுவுக்கு நான் திருப்புவது. பதிலுக்கு டேங்கர் கிடையாது, மிளகாய்க்கும் கிடையாது. காலையில் அரை மணி நேரம் மட்டும் இன்ஜின் ஓடும், ஊருக்கு மட்டும், காசு வாங்கக் கூடாது, டீசலுக்கு வீட்டுக்கு வீடு வசூல். கிணற்றையும் போரையும் சேர்த்து வீட்டுக்கு ஆறு குடம். பிள்ளை பெத்த வீட்டுக்கும் நோயாளி இருக்கிற வீட்டுக்கும் ரெண்டு கூட. இதற்கு ஒரு நோட்டுப் போட்டோம். 16 பேரும் கையெழுத்துப் போட்டார்கள், அந்தத் தங்கச்சியும் போட்டாள்.

மிளகாய் காய்ந்தது. அரைகுறையா ரெண்டு மூட்டை வந்தது. அதை ஆடு மேய விட்டப்போ நான் வீட்டை விட்டு வெளியே வரல.

அந்தக் கோடையில் நூறு நாள் வேலையில் ஊருணியைத் தூர் வாரினோம். மேல் வண்டலோடு நிறுத்தச் சொல்லி மாமியார் கம்பு ஊன்றிக் கரையிலேயே உட்கார்ந்திருந்தாக, ரொம்பத் தோண்டினா உப்புக் கிளம்பிரும்னு. வரத்துக்கால்ல சீமைக் கருவேலம் ஆள் நுழைய முடியாம மண்டிக் கிடந்தது, அதையும் வெட்டினோம். எங்க வீட்டுக் கூரையில் 2003ல் மழைநீர்ச் சேமிப்புச் சட்டம் வந்தப்போ மாட்டின குழாய் ஒண்ணு, துணி காயப்போடத்தான் உதவிக்கிட்டிருந்தது. அதையும் சரி பண்ணினோம். 300 சதுர அடி கூரையில் பத்து மில்லி மீட்டர் மழை பெய்தால் 18 குடம் தண்ணீர், தெரியுமா? மழை வந்து கிணத்துத் தண்ணி பழையபடி வாய்க்கு ருசியா மாற அடுத்த மார்கழி ஆச்சு. நாங்க இன்ஜினை நிறுத்தினதால மட்டும் மாறுச்சுன்னு சொல்ல மாட்டேன். மழைதான் மாத்துச்சு. ஆனா அதுவரைக்கும் ஊரு குடிச்சது.

எல்லாம் சரியாயிருச்சுன்னு நினைக்காதீங்க. வரத்துக்கால்ல ஒரு இடத்தை ஒருத்தர் இன்னும் விடல. போன வருசம் வேறொருத்தர் வெளியில் வட்டிக்கு வாங்கி ஊருணிக்கு வடக்கே போர் போட்டிருக்கார். நாங்க போய்ப் பேசினோம், "உன் வீட்டுப் போரை மூடிட்டு வா"ன்னு சொன்னார். எங்க போரை மூடலதான். பூட்டுப் போட்டிருக்கோம், சாவி குழுவில் இருக்கு. அவருக்கு அந்தப் பதில் போதல.

இப்போ எங்க குழுவில் போருக்கோ இன்ஜினுக்கோ கடன் கேட்டால், எவ்வளவு தொகை, எப்படித் திருப்புவே என்று கேட்பதற்கு முன்னால், ஊருணிக் கிணற்றில் இருந்து எத்தனை அடி என்று கேட்கிறோம். 500 அடிக்குள் என்றால் கடன் இல்லை. அந்தக் கடனுக்கு மனு எழுதினப்போ என்கிட்ட யாரும் அதைக் கேட்கல. மனுவில் அந்த வரியே இல்ல. மனு எழுதினதும் நான்தான்.

கூட்டமைப்பில் அச்சடித்துத் தருகிற கடன் மனுவில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இன்றைக்கு மைக் பிடித்தேன். தலைவி அக்கா தலையை ஆட்டுறீங்க. சந்தோசம். அடுத்த மாசம் தீர்மானப் புத்தகத்துல எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க அக்கா, அப்பத்தான் நம்புவேன்.